ஆக்சிஜன் வைத்த பிறகு

மருத்துவமனையில் தரப்படும் ஆக்சிஜன் ஒரு மருந்து. எவ்வளவு தர வேண்டும், எந்த அளவை எட்டினால் போதும், எப்போது குறைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்விகள் எல்லா மருந்துக்கும் உள்ளதுபோல் இதற்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் அது நெடுங்காலம் மயக்க மருந்தோடு சேர்த்துத் தரும் வாயுவாக மட்டுமே இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கான மருந்து என்று தனியே இடம் கிடைத்தது 2017-இல்தான்.

மற்ற மருந்துகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு இருக்கிறது. மாத்திரையை விழுங்கிவிட்டால் அதன் அளவு உள்ளே போயாயிற்று. ஆக்சிஜனின் அளவோ மூச்சுக்கு மூச்சு மாறும். மாஸ்க் சற்று நகர்ந்தாலும், குழாய் கட்டில் கம்பியில் மடிந்தாலும், நோயாளி வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினாலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடும். மருத்துவர் கேஸ் ஷீட்டில் ஐந்து லிட்டர் என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்த ஐந்து லிட்டர் நோயாளியின் நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறதா, சேர்ந்தது போதுமா, தேவைக்கு மேல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது வார்டில் இரவும் பகலும் இருக்கும் செவிலியரின் வேலை.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். நுரையீரலின் நுண்ணறைகளில் அது ரத்தத்துக்குள் நுழைந்து, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு உடல் முழுக்கப் போகிறது. மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதே சேச்சுரேஷன். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு 95 முதல் 100 வரை இருக்கும். 90-க்குக் கீழே போனால் நிலைமை வேகமாக மாறுகிறது. 98-இலிருந்து 93-க்கு இறங்கும்போது ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் நிறையக் குறைந்தாலும் ஹீமோகுளோபின் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். 90-ஐத் தாண்டியபின் அழுத்தத்தில் ஏற்படும் சிறு குறைவும் சேச்சுரேஷனைச் சரசரவென்று கீழே இழுத்துவிடும். அதனால்தான் 91 என்ற எண்ணைப் பார்த்து, ‘இன்னும் ஒன்றிரண்டு புள்ளி இருக்கிறது’ என்று எந்தச் செவிலியரும் நிம்மதி அடைவதில்லை.

விரலில் மாட்டிச் சேச்சுரேஷனைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படைக் கருத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. கொரோனா காலத்தில் அந்தக் கருவி மருந்துக் கடைகளிலிருந்து வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் சில நொடிகளில் எண்ணைக் காட்டும் அருமையான கருவி அது. ஆனால் ஏமாற்றவும் செய்யும். விரல் சில்லிட்டிருந்தாலோ, ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தாலோ, கை நடுங்கிக்கொண்டிருந்தாலோ தவறான எண் வரும். நகப்பூச்சும் கருமருதாணியும் ஒளியை மறிக்கும். கருநிறத் தோலில் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டுவது அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவாகத் தெரிந்தது. கறுப்பின நோயாளிகளிடம் கருவி கவனிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைபாடு, வெள்ளையரிடம் இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தோல் நிறம் கூடிய மக்கள் நிறைந்த நம் ஊர் வார்டுகளிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் இந்தக் கருவியை நம்பக் கூடாது. பூட்டிய அறையில் புகையில் சிக்கியவரின் ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டிருக்கும். கருவிக்கு இதற்கும் ஆக்சிஜனுக்கும் வேறுபாடு தெரியாது; 99 என்று காட்டும். அப்படிப்பட்டவருக்கு எண்ணைப் பார்க்காமல் உயர்ந்த அளவில் ஆக்சிஜன் தர வேண்டும். மற்றது கடுமையான ரத்தசோகை. இருக்கும் கொஞ்ச ஹீமோகுளோபினும் ஆக்சிஜனால் நிறைந்திருப்பதால் சேச்சுரேஷன் நன்றாகவே இருக்கும், உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனோ பற்றாது.

ஆகவே கருவியைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். உடல்நிலை மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் கூடுவது இந்த எண்ணிக்கைதான். வார்டுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். எண்ணாமலேயே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல், முழு ஒரு நிமிடம் மார்பின் அசைவை எண்ணுவதே சரியான முறை. தான் எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, விலா இடுக்குகள் உள்ளே குழிகின்றனவா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேசி முடிக்க முடிகிறதா என்றும் கவனிக்க வேண்டும். உதடும் நாக்கும் நீலம் பாய்வது மிகவும் தாமதமாக வரும் அறிகுறி. ரத்தசோகை உள்ளவரிடம் அது வராமலே போகலாம்.

எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி ஒன்று உண்டு. நோயாளி திடீரென்று படுக்கையில் புரள்கிறார், மாஸ்க்கைப் பிய்த்து எறிகிறார், ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சத்தம் போடுகிறார். உறவினர்கள் அதைப் பிடிவாதம் என்றோ பயம் என்றோ நினைப்பார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைவதாலும் இப்படி நடக்கும். கையைக் கட்டுவதோ தூக்க ஊசி கேட்பதோ அப்புறம்; குழாய் கழன்றிருக்கிறதா, சேச்சுரேஷன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

எவ்வளவு போதும் என்ற கேள்விக்கு நெடுங்காலம் ‘எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான்’ என்பதே பதிலாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பிரிட்டனின் மார்பு நோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பாலான பெரியவர்களுக்குச் சேச்சுரேஷன் 94-க்கும் 98-க்கும் இடையில் இருந்தால் போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் கார்பன் டை ஆக்சைடு சேரும் ஆபத்து உடையவர்களுக்கு இலக்கு இன்னும் கீழே, 88 முதல் 92 வரை. பல ஆண்டு பீடி பிடித்தவர்களும், விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த பெண்களும் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் போகாதபடி உடல் தானாகவே ஒரு தடுப்பை வைத்திருக்கும். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் அந்தத் தடுப்பைக் கலைத்துவிடுகிறது. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடைச் சுமப்பதும் குறைகிறது. மூச்சு விடும் உந்துதலும் ஓரளவு தளர்கிறது. மூன்றும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

அப்போது விரலில் மாட்டிய கருவி 99 என்று காட்டிக்கொண்டிருக்க, நோயாளி அமைதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டார் மகிழ்வார்கள். தட்டி எழுப்பினால் குழறுவார். தலை வலிக்கிறது என்பார். கை வெதுவெதுப்பாக இருக்கும், நாடி துள்ளும். கைகளை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தளர்ந்து ஆடும். இந்த அறிகுறிகளைக் கண்ட செவிலியர் உடனே மருத்துவரை அழைத்து, ரத்தவாயுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, ஆக்சிஜனை இலக்கு எல்லைக்குக் கொண்டுவருவார். சட்டென்று முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சேச்சுரேஷன் முன்பு இருந்ததைவிடக் கீழே விழும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அளவு பார்த்து ஆக்சிஜன் தரப்பட்டவர்களில் இறப்பு, தாராளமாகத் தரப்பட்டவர்களில் நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு.

மாரடைப்பிலும் பழைய வழக்கம் மாறிவிட்டது. சுவீடனில் 6,629 பேரிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், சேச்சுரேஷன் 90-க்கும் அதற்கு மேலும் இருந்த நெஞ்சுவலி நோயாளிகளுக்கு ஆக்சிஜன் தந்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பாராக்வாட் என்ற களைக்கொல்லி. அதைக் குடித்தவரின் நுரையீரலை அந்த நஞ்சு ஆக்சிஜனைப் பயன்படுத்தியே அரிக்கிறது. வெளியிலிருந்து தரும் ஆக்சிஜன் தீக்கு நெய்யாகிவிடும். அதனால் சேச்சுரேஷன் மிகவும் இறங்கும் வரை அவருக்கு ஆக்சிஜன் வைப்பதில்லை. ‘மூச்சு வாங்குது, ஆக்சிஜன்கூட வைக்க மாட்டேங்கிறாங்க’ என்று உறவினர்கள் கொதிக்கும் நேரத்தில் காரணத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பணியில் இருக்கும் சிஸ்டர்தான்.

எந்தக் கருவி வழியாகத் தருவது என்பதைத் தேவையே தீர்மானிக்கும். இரண்டு மூக்குத் துளைகளிலும் செருகும் மெல்லிய குழாயை வார்டுகளில் நேசல் ப்ராங்ஸ் என்கிறார்கள். நிமிடத்துக்கு ஒன்று முதல் ஆறு லிட்டர் வரை இதில் தரலாம். ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 4 சதவீதம் கூடி, 24-இலிருந்து 44 சதவீதம் வரை கிடைக்கும் என்பது தோராயக் கணக்கு. வேகமாக மூச்சு வாங்குபவருக்கு இது குறையும். பேசலாம், சாப்பிடலாம், மூச்சுமுட்டும் உணர்வு இருக்காது. முனைகளின் வளைவு மூக்கின் உட்புறத்துக்கு ஏற்பக் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

சாதாரண மாஸ்க்கில் 5 முதல் 10 லிட்டர் வரை வைக்கலாம். ஐந்துக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாஸ்க்கை மாட்டி இரண்டு லிட்டரில் விட்டுவிடும் காட்சி அரிதல்ல. வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை அடித்து வெளியேற்ற அந்த ஓட்டம் போதாது. நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். இரண்டு லிட்டர் போதுமானவருக்கு மூக்குக் குழாயே சரி.

நிலைமை கடுமையாக இருந்தால் கீழே பை தொங்கும் என்.ஆர்.எம். மாஸ்க். 10 முதல் 15 லிட்டர் ஓட்டத்தில் 60 முதல் 90 சதவீதம் வரை தரக்கூடியது. முகத்தில் வைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் வால்வை விரலால் அழுத்திப் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். நோயாளி மூச்சை இழுக்கும்போது பை முழுதும் சப்பிப்போனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். இந்த மாஸ்க் தேவைப்படும் நோயாளியை அப்படியே விட்டுவைப்பதும் கூடாது. அடுத்து என்ன என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது: நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை வெதுவெதுப்பான ஈரக்காற்றைத் தரும் ஹை ஃப்ளோ கருவியா, இறுக்கமான மாஸ்க் வழியே மூச்சுக்கு அழுத்தம் தரும் கருவியா, வென்டிலேட்டரா?

சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கென்றே வந்தது வெஞ்சுரி மாஸ்க். 1960-இல் இதை அறிமுகப்படுத்தியவர் மோரன் கேம்பெல் என்ற மருத்துவர். குறுகிய துளை வழியே பாயும் ஆக்சிஜன், பக்கத்துத் துளைகளின் வழியே வெளிக்காற்றைக் கணக்கான அளவில் இழுத்துக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் வகையில் நீல முனை 24 சதவீதம், வெள்ளை 28, மஞ்சள் 35, சிவப்பு 40 என்று நிறத்துக்கு ஓர் அளவு. ஒவ்வொன்றிலும் வைக்க வேண்டிய லிட்டர் அதிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் திருப்பினாலும் சதவீதம் கூடாது. ஆனால் குளிருக்குப் போர்த்திய போர்வை அந்தப் பக்கத் துளைகளை மூடிவிட்டால் வெளிக்காற்று கலப்பது நின்று, கவனமாகத் தேர்ந்த அளவு கெட்டுவிடும். இதே நோயாளிகளுக்கு நெபுலைசர் வைக்கும்போது ஆக்சிஜனால் இயக்காமல் காற்றால் இயக்குவது நல்லது. அந்த நேரத்தில் மூக்குக் குழாயில் ஆக்சிஜன் தனியே போய்க்கொண்டிருக்கலாம்.

சுவரில் இருக்கும் இணைப்பில் ஃப்ளோ மீட்டரைச் செருகும்போது அது ஆக்சிஜன் இணைப்புத்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே மருத்துவக் காற்றுக்கான இணைப்பும் இருக்கும். ஆக்சிஜனுக்குப் பதிலாகக் காற்றை இணைத்துவிடும் தவறு வளர்ந்த நாடுகளின் மருத்துவமனைகளிலேயே நடந்திருக்கிறது. மீட்டரின் உள்ளே மிதக்கும் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் வேறாகத் தெரியும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும்.

மீட்டருக்குக் கீழே தண்ணீரில் குமிழி விடும் ஹியூமிடிஃபையர் பாட்டில் பலருக்கும் தெரிந்த காட்சி. மூக்குக் குழாயில் நான்கு லிட்டர் வரை போகும்போது பெரும்பாலும் இது தேவைப்படாது. மூக்கே காற்றை ஈரப்படுத்திக்கொள்ளும். வைக்கும் இடத்தில் கிருமி நீக்கிய தண்ணீரோ டிஸ்டில்ட் வாட்டரோதான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நிற்க வேண்டும். குறைந்த தண்ணீருக்கு மேலேயே புதிதாக ஊற்றாமல், நாள்தோறும் பழையதைக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். மூடி கோணலாகத் திருகியிருந்தால் வாயு அங்கேயே கசிந்துவிடும். மீட்டரில் குண்டு மிதந்தாலும் பாட்டிலில் குமிழி வராததைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கணம் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை.

சிலிண்டர் என்றால் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாகப் பழகிய பெரிய டி வகைச் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும், பி வகையில் சுமார் 1,500. நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் நிறைந்த பி வகை 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம் வரும். 15 லிட்டர் என்றால் நூறு நிமிடத்தில் காலி. அழுத்தமானியின் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. ஸ்கேன் எடுக்க நோயாளியைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகும்போது லிஃப்டுக்கும், அங்கே காத்திருப்பதற்கும், திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துப்போவதே பாதுகாப்பு.

பெரிய மருத்துவமனைகளில் ஆக்சிஜன் கழிக்குறி 183 டிகிரி செல்சியஸில் திரவமாகத் தொட்டியில் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக்கில் ஒரு மருத்துவமனையின் தொட்டியில் ஏற்பட்ட கசிவால் குழாய் அழுத்தம் விழுந்து 22 நோயாளிகள் இறந்தார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் எந்தப் படுக்கைக்கு முதலில் சிலிண்டர், எந்த நோயாளிக்கு ஆம்பு பையால் கையால் மூச்சுத் தருவது என்பது ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் செவிலியர்களுக்குள் பேசி வைத்திருக்க வேண்டிய செய்தி.

ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை மூர்க்கமாக எரிய வைக்கும். சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. எண்ணெய்க் கையோடு திறக்கவும் கூடாது. சானிடைசர் தடவிய கை நன்றாக உலர்ந்த பிறகே கருவியைத் தொட வேண்டும். மாஸ்க்கைக் கழற்றிப் படுக்கையின் மேல் ஓடவிட்டால் போர்வையிலும் தலையணையிலும் ஆக்சிஜன் தேங்கும். அதன்பின் ஒரு சிறு பொறி போதும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்க்கை ஒரு மீட்டர் தூரமாவது தள்ளி வைப்பார்கள்.

இனி நோயாளியின் உடலுக்கு வருவோம். நாட்கணக்கில் மாஸ்க் அணிந்தவருக்கு மூக்குத் தண்டிலும், குழாய் சுற்றிச் செல்லும் காதுகளின் பின்னாலும் தோல் சிவந்து புண்ணாகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, வியர்வையைத் துடைத்து, தேவையான இடத்தில் பஞ்சோ மெத்தையோ வைத்தால் இது வராது. மாஸ்க்கின் மேல்விளிம்பு சரியாகப் படியாவிட்டால் காற்று கண்ணுக்குள் அடித்து வெண்படலத்தை உலர்த்தும். மூக்கும் உதடும் வறண்டால் வாசலினையோ தைலத்தையோ தேடத் தோன்றும். பெட்ரோலியம் கலந்த பூச்சுகள் இங்கே வேண்டாம். தண்ணீர் அடிப்படையிலான களிம்பே போதும். சளி நீர்த்து வெளியே வர, தடை இல்லாதவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயைச் சுத்தப்படுத்துவது வறட்சிக்கு மட்டுமல்ல, வாய்க் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்காமலும் காக்கும்.

சாப்பாட்டு வேளையும் கழிவறையும்தான் சேச்சுரேஷன் சரியும் இரண்டு நேரங்கள். மாஸ்க்கில் இருப்பவர் சாப்பிடும்போது, மருத்துவர் ஒப்புதலோடு, மூக்குக் குழாய்க்கு மாற்றினால் ஆக்சிஜன் தடைபடாது. மெல்லுவதற்கும் விழுங்குவதற்கும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நிமிர்ந்து உட்கார வைத்துத் தருவார்கள். கழிவறை இன்னும் சிக்கல். நோயாளிக்குக் கூச்சம்; ‘நாலு அடிதானே, போயிட்டு வந்திடறேன்’ என்று மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். நடையும் முக்கலும் சேர்ந்து சேச்சுரேஷனைப் பத்துப் புள்ளிகூட இறக்கிவிடலாம். உள்ளே தாழிட்ட கதவுக்குப் பின்னால் அவர் மயங்கி விழுந்தால் தெரியாது. திரையிட்டு மறைத்த படுக்கையருகே கழிப்பு நாற்காலியோ, கூடவே போகும் சிறு சிலிண்டரோ ஏற்பாடு செய்வது மரியாதையையும் உயிரையும் ஒருசேரக் காக்கும்.

மல்லாந்து கிடப்பவரின் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடம் குறையும். முதுகை 45 டிகிரிக்கு மேல் உயர்த்தினாலே பலருக்கு மூச்சு இலகுவாகும். முன்னால் ஒரு மேசையில் தலையணை போட்டு அதில் கைகளைச் சாய்த்துக் குனிந்து உட்காருவது சி.ஓ.பி.டி. நோயாளிகளே கண்டுபிடித்து வைத்திருக்கும் நிலை. ஒருபக்க நுரையீரல் மட்டும் பாதிக்கப்பட்ட பெரியவரை நல்ல பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்தால், ரத்தம் அதிகம் பாயும் கீழ்ப்பகுதியில் காற்றும் நன்றாகப் புகும். கொரோனா அலைகளின்போது விழிப்போடு இருக்கும் நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்துச் சேச்சுரேஷன் ஏறுவதை வார்டு வார்டாகக் கண்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஏப்ரலில் வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த முறையை விளக்கியது.

மூச்சுத் திணறல் பயத்தைக் கூட்டும், பயம் மூச்சை இன்னும் வேகமாக்கும். கட்டிலோரம் உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லி, கூடவே செவிலியரும் செய்துகாட்டினால் சில நிமிடங்களில் வேகம் தணியும். கூட இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ‘பாவம், ரொம்ப மூச்சு வாங்குறார், கொஞ்சம் கூட்டி வைப்போம்’ என்று அவர்களே திருகைத் திருப்பிவிடுவது பரிவினால்தான் நடக்கிறது. அந்தத் திருகு மருந்தின் அளவு என்பதைக் கோபமில்லாமல் விளக்கிவிட்டால் பெரும்பாலோர் மறுபடி தொடுவதில்லை.

குழந்தைகளின் கணக்கு வேறு. நிமோனியாவில் திணறும் குழந்தை முகத்தில் மாஸ்க்கைக் கண்டாலே அழும். அழுகை ஆக்சிஜன் தேவையைக் கூட்டும். அம்மா மடியில் வைத்து, மூக்குக் குழாயைக் கன்னத்தில் ஒட்டி, பச்சிளங் குழந்தைக்கு அரை முதல் ஒரு லிட்டர், ஒரு வயதுக்குட்பட்டவருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் என்று தொடங்குவார்கள். குறைமாதக் குழந்தைகளிடம் ஆக்சிஜன் மிகுவதும் குறைவதும் ஒரே அளவு ஆபத்து. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்சிஜன் தந்ததால் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள்; 1950-இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். மெல்போர்னைச் சேர்ந்த கேட் கேம்பெல் என்ற மருத்துவர் 1951-இல் ஆக்சிஜன்மீது சந்தேகத்தை எழுப்பினார். அமெரிக்காவில் நடந்த கூட்டு ஆய்வு சில ஆண்டுகளில் அதை உறுதிசெய்தது. வளர்ந்து முடியாத விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே பெயர்த்துவிடுகின்றன.

இன்றைய பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு இலக்கு 90 முதல் 95 வரை. மானிட்டரில் கீழ் எல்லைக்கு மட்டுமின்றி மேல் எல்லைக்கும் அலாரம் வைக்க வேண்டும். அடிக்கடி ஒலிக்கும் அந்த மேல் அலாரத்தை எரிச்சலில் அணைத்துவிடுவது ஒரு கண்ணின் விலையாக முடியலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தத் தேதியை அம்மாவின் கையில் எழுதிக் கொடுப்பது செவிலியரின் பொறுப்பு.

ஏட்டில் வெறும் ‘சேச்சுரேஷன் 96’ என்று எழுதினால் அதற்குப் பொருள் இல்லை. வெறும் காற்றில் 96 என்பவர் நலம். 15 லிட்டரில் 96 என்பவர் அபாயத்தில் இருக்கிறார். எந்தக் கருவி, எத்தனை லிட்டர், என்ன இலக்கு, மூச்சு எண்ணிக்கை, நினைவு நிலை ஆகியவை எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். நேற்று இரண்டு லிட்டரில் 95, இன்று காலை நான்கில் 95, மாலை ஆறில் 95. எண் அசையவே இல்லை. நோயாளியோ இறங்கிக்கொண்டே இருக்கிறார். பிரிட்டனில் பயன்படுத்தும் நியூஸ் 2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், ஆக்சிஜனில் இருக்கிறார் என்பதற்கே இரண்டு புள்ளிகள் சேர்கின்றன.

நிலைமை தேறும்போது குறைப்பதும் படிப்படியாகத்தான். சேச்சுரேஷன் இலக்கின் மேல் எல்லையில் நிலையாக நின்று, மூச்சும் நாடியும் சீராக இருந்தால் ஒரு படி இறக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். முழுவதும் நிறுத்தியபின் ஐந்து நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்தில் மறுமுறை. பிறகு எழுந்து நடக்கும்போதும், இரவில் தூங்கும்போதும் பார்ப்பது வழக்கம். உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டியவர் வராந்தாவை ஒரு சுற்று நடந்ததும் 87-க்கு இறங்கலாம். யாரும் குறைக்க முன்வராததால் நாட்கணக்கில் தேவையில்லாமல் ஆக்சிஜனில் கிடப்பவர்களும் உண்டு. அது மருந்தையும் பணத்தையும் வீணாக்குவதோடு, நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது.

சிலருக்கு வீட்டிலும் ஆக்சிஜன் தொடரும். சி.ஓ.பி.டி. முற்றி, ஓய்வில் இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமாவது தந்தால் ஆயுள் நீளும் என்று 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. மூச்சு வாங்கும்போது மட்டும் கால் மணி நேரம் வைத்துக்கொள்வதால் அந்தப் பயன் கிடைக்காது. வீட்டுக் கான்சென்ட்ரேட்டர் அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து 90 சதவீதத்துக்கு மேல் செறிந்த ஆக்சிஜனைத் தரும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி வைத்து, தூசு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி உலர்த்திப் போட வேண்டும். மின்தடைக்கு ஒரு சிறு சிலிண்டர் கைவசம் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, ஊதுபத்தி, சூடம், குத்துவிளக்கு, எரியும் அடுப்பு எதுவும் அந்த அறையில் கூடாது. பூஜை அறைக்குள் குழாயோடு போகும் பெரியவர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்டு கிடக்கும் குழாயில் யாரும் தடுக்கி விழாமல் அதைச் சுவரோரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். கடும் தாக்குதலுக்குப் பின் வீட்டு ஆக்சிஜனோடு அனுப்பப்பட்டவரை இரண்டு மூன்று மாதத்தில் வரவழைத்து, ஆக்சிஜன் இல்லாமல் ரத்தவாயுவைத் திரும்பப் பார்க்கிறார்கள். நுரையீரல் தேறிவிட்ட சிலருக்கு அத்தோடு கருவி நிறுத்தப்படுகிறது. மற்றவர்களுக்கு லிட்டர் அளவு புதிதாக எழுதித் தரப்படுகிறது.